பத்து பைசா வட்டியும் ஒரு கறுப்பு வெள்ளைக் கொலையும்

தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் கொலைக்கு முன்னால் ஒரு கணக்கு வருகிறது. ரஸ்கோல்னிகோவ் தன் அப்பாவின் பழைய வெள்ளிக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, அடகு பிடிக்கும் கிழவி அல்யோனா இவானவ்னாவின் வீட்டுக்குப் போகிறான். கடிகாரத்துக்கு அவள் மதிப்புப் போடுவது 1 ரூபிள் 50 கோபெக். வட்டி ரூபிளுக்கு மாசம் 10 கோபெக். ஆக 15 கோபெக்கை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறாள். ஏற்கெனவே வாங்கியிருந்த 2 ரூபிளுக்கு இன்னொரு 20. மொத்தம் 35 போக, அவன் கைக்கு வருவது 1 ரூபிள் 15 கோபெக்.

ஒரு ரூபிளுக்கு நூறு கோபெக். அப்படியானால் இது என்ன வட்டி? நம்ம ஊர்ல இதுக்குப் பேர் இருக்கு: பத்து பைசா வட்டி. நூறு ரூபாய்க்கு மாசம் பத்து ரூபாய், வருஷத்துக்கு 120 சதவீதம். முதல் மாச வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பதும் இங்கே யாருக்கும் புதுசு இல்லை. 1866இல் பீட்டர்ஸ்பர்க்கில் எழுதப்பட்ட ஒரு பக்கத்தை மதுரைக்காரர் அடிக்குறிப்பு இல்லாமல் படிக்க முடிகிறது என்றால், அதற்கு முதல் காரணம் இந்தக் கணக்குதான்.

இந்த நாவலை உலகம் முழுக்கப் பல பேர் கறுப்பு வெள்ளையில் படமாக்கியிருக்கிறார்கள். இந்தியாவிலும் ஒரு படம் வந்தது: 1958இல் ரமேஷ் சைகல் இயக்கிய 'ஃபிர் சுபா ஹோகி'. மறுபடியும் விடியும் என்று தலைப்புக்கு அர்த்தம். ராஜ் கபூர், மாலா சின்ஹா, ரஹ்மான் நடித்தது. அந்தப் படம் நாவலில் எதை எடுத்துக்கொண்டது, எதை வேண்டாமென்று விட்டது என்பதைத்தான் கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்து வருகிறேன். விட்டதில் ஒரு விஷயம், இந்திப் படத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல, நம்ம மதுரைக் கதைகளுக்கும் பொருந்துவது என்று படுகிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இருட்டும் வெயிலும்

முதலில் 'ஃபிலிம் நுவார்' பற்றிக் கொஞ்சம். 1940களின் அமெரிக்கக் குற்றப் படங்கள் போருக்குப் பிறகு பாரிசுக்கு மொத்தமாக வந்து சேர்ந்தபோது, 1946 வாக்கில் பிரெஞ்சு விமர்சகர்கள் வைத்த பெயர் அது. நுவார் என்றால் கறுப்பு. அந்தப் படங்களின் சாமான்களைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். பெரிய நகரம், சின்ன அறை, மாடிப்படி, பணமுடை. நன்றாக யோசித்துப் போட்ட திட்டம் ஒன்று கடைசி நிமிஷத்தில் தவறிப்போகும். பொறுமையாகக் காத்திருக்கும் போலீஸ்காரர் ஒருவர் இருப்பார். குற்றம் செய்தவன் பக்கத்திலேயே கேமரா நிற்கும். இதெல்லாம் எண்பது வருஷத்துக்கு முன்பே தஸ்தயெவ்ஸ்கியிடம் இருக்கிறது. நுவாருக்கு இந்த நாவலும் ஒரு தாய்வீடு என்று சொன்னால் தப்பில்லை.

அதனால் சினிமாக்காரர்கள் சீக்கிரமே இதைத் தேடிப் போனார்கள். 'டாக்டர் காலிகாரி'யை எடுத்த ராபர்ட் வீனே 1923இல் 'ரஸ்கோல்னிகோவ்' என்று ஊமைப்படம் எடுத்தார். 1935இல் ஒரே வருஷத்தில் இரண்டு படங்கள். பிரான்சில் பியேர் ஷெனால் எடுத்தது ஒன்று, ஹாலிவுட்டில் ஜோசப் ஃபான் ஸ்டெர்ன்பெர்க் எடுத்தது இன்னொன்று. பின்னதில் ரஸ்கோல்னிகோவாக நடித்தவர் பீட்டர் லோர், ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்' படத்தில் குழந்தைகளைக் கொல்பவனாக வந்தாரே, அவரேதான். 1946இல் 'ஃபியர்' என்று ஒரு சிக்கனப் படம் வந்தது. அதில் பண நெருக்கடியில் இருக்கும் மாணவன், அடகு பிடிக்கும் பேராசிரியரைக் கொல்கிறான். கடைசியில் பார்த்தால் எல்லாம் கனவு! கொலையும் இல்லை, தண்டனையும் இல்லை, விழித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

சிரிப்பு வரலாம். ஆனால் அந்த முடிவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாவலின் எந்தக் கனத்தைச் சினிமாவால் தூக்க முடியவில்லை என்பது, அது எங்கே கீழே இறக்கி வைக்கிறது என்பதில் தெரிந்துவிடும்.

நுவார் படங்களுக்கு இரவும் மழையும் ஈரத் தெருவும் வேண்டும். நாவலில் இது எதுவும் இல்லை. கதை தொடங்குவது ஜூலை மாசப் புழுக்கத்தில். தூசி, சுண்ணாம்பு, சாராயக்கடை நாற்றம், வைக்கோல் சந்தைச் சதுக்கத்தின் கூட்டம். கொலை நடப்பது சாயங்காலம் ஏழு மணிக்கு மேல். ஆனால் பீட்டர்ஸ்பர்க்கின் கோடையில் அந்நேரம் நல்ல வெளிச்சம். தன் அறையிலிருந்து கிழவி வீட்டுக்கு 730 அடி என்று அவன் ஏற்கெனவே எண்ணி வைத்திருக்கிறான், அந்த வெளிச்சத்திலேயே நடந்து போகிறான். இந்த நாவலின் கறுப்பு ராத்திரியின் கறுப்பு இல்லை. வெயில் கண்ணைக் கூசவைத்து, தலை சுற்றி, எதிரே இருப்பவர் முகம் தெரியாமல் போகுமே, அந்த மாதிரிக் கறுப்பு. சித்திரை மாசத்து மத்தியானத்தில் விளக்குத்தூண் பக்கம் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1958: பம்பாயில் ரஸ்கோல்னிகோவ்

'ஃபிர் சுபா ஹோகி'யின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராம் சட்டம் படிக்கும் ஏழை மாணவன். சோஹ்னி என்ற பெண்ணைக் காதலிக்கிறான். அவளுடைய அப்பா ஒரு குடிகாரத் தையல்காரர், நானா பல்சிகர் நடித்திருக்கிறார். கடன் கழுத்தை நெரிக்கிறது. அதை வைத்து ஹர்பன்ஸ்லால் என்ற பணக்காரருக்கு அவளைக் கட்டிக்கொடுக்கப் பேச்சு நடக்கிறது. பணம் இருந்தால் அவளை மீட்கலாம். ராம் வட்டிக்கு விடுபவர் வீட்டுப் பெட்டகத்தில் கைவைக்கப் போகிறான், மாட்டிக்கொள்கிறான், அந்தப் பதற்றத்தில் கொலை நடந்துவிடுகிறது. பழி வேறு ஒருவர் மேல் விழுகிறது. கடைசியில் நீதிமன்றத்தில் தானே வந்து ஒப்புக்கொள்கிறான்.

நாவல் படித்தவர்களுக்கு யார் யார் என்று உடனே புரிந்துவிடும். சோஹ்னி என்பது சோனியா. குடிகார அப்பா மர்மெலாதவ். ரஹ்மான் நடித்த நண்பன் ரசூமிகின். பணக்கார மாப்பிள்ளை, ரஸ்கோல்னிகோவின் தங்கை துன்யாவைக் கட்டிக்கொள்ளப் பார்க்கும் லூஷின். அதாவது நாவலில் தங்கைக்கு வந்த ஆபத்தைப் படம் காதலிக்கு மாற்றிவிட்டது. சோனியா குடும்பத்துக்காகத் தெருவில் நிற்க வேண்டி வந்தவள், சோஹ்னி அந்த நிலைக்குப் போகும் முன்பே காப்பாற்றப்பட வேண்டியவள். இது சாதாரண மாற்றம் மாதிரி தெரியும், ஆனால் கதையின் அச்சே இதில் நகர்ந்துவிடுகிறது. ரஸ்கோல்னிகோவ் சோனியாவுக்காகக் கொல்லவில்லை. அவளைச் சந்திப்பதற்கு முன்பே கொன்றுவிட்டான். ராம் அவளுக்காகவே திருடப் போகிறான். ஆக அவன் குற்றத்துக்குப் படம் பார்ப்பவர்களின் ஆசீர்வாதம் முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது, முன்வட்டி மாதிரி.

படத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதன் பலம் வேற இடத்தில் இருக்கிறது. பாட்டெழுதியவர் சாஹிர் லூதியான்வி. வழக்கமாக ராஜ் கபூர் படம் என்றால் இசை சங்கர் ஜெய்கிஷன். இந்தப் படத்துக்கு கய்யாம். நாவலைப் படித்து உள்வாங்கிய ஒருவர்தான் இசையமைக்க வேண்டும் என்று சாஹிர் சொன்னதாகவும், அப்படித்தான் கய்யாம் வந்தார் என்றும் பரவலாகச் சொல்வார்கள். தலைப்போடு சேர்ந்த பாட்டை முகேஷும் ஆஷா போஸ்லேயும் பாடியிருக்கிறார்கள். எப்போதாவது ஒருநாள் விடியும் என்று ஏக்கமும் சந்தேகமுமாகப் போகும் பாட்டு. இன்னொரு பாட்டில், இக்பாலின் புகழ்பெற்ற கீதத்தைத் தலைகீழாகப் புரட்டி, உலகமே நமது, ஆனால் தங்க ஒரு இடமில்லை என்று பம்பாய் நடைபாதையிலிருந்து கேலி செய்கிறார் சாஹிர்.

காலத்தையும் பாருங்கள். சுதந்திரம் வந்து பதினோரு வருஷம். 1955இல் நேரு சோவியத் யூனியன் போய்வந்தார், அதே வருஷம் குருஷ்சேவும் புல்கானினும் இங்கே வந்தார்கள். ராஜ் கபூரின் 'ஆவாரா' 1954இல் சோவியத் திரையரங்குகளில் ஓடி, அவர் முகம் அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ரஷ்ய நாவலை எடுப்பது அப்போது இயல்பான ஆசை. ஆனால் சைகலும் சாஹிரும் அதை வைத்து ரஷ்யாவைப் பற்றிப் பேசவில்லை. வாக்குக் கொடுத்த விடியல் எங்கே என்று டெல்லியைப் பார்த்துக் கேட்டார்கள். தைரியமான வேலைதான்.

கணக்கில் வராத மீதி

இனி விட்டுப்போனதைப் பார்ப்போம். நாவலில் இரண்டு கொலைகள்.

கிழவியைக் கொன்ற பிறகு ரஸ்கோல்னிகோவ் உள்ளறையில் பெட்டியைக் குடைந்துகொண்டிருக்கிறான். வெளியே காலடிச் சத்தம். கிழவியின் தங்கை லிசவேதா திரும்பி வந்துவிட்டாள். அந்நேரம் அவள் வீட்டில் இருக்க மாட்டாள் என்று விசாரித்து வைத்துதான் அவன் வந்திருந்தான். வளர்ந்த, வெகுளியான, யார் என்ன சொன்னாலும் கேட்கும் பெண். அக்காவிடம் அடி வாங்கி வேலை செய்து கிடப்பவள். அவளையும் அதே கோடரியால் கொல்கிறான். கையை உயர்த்தித் தடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

இந்தச் சாவுதான் நாவலின் முதுகெலும்பு என்பது என் எண்ணம். காரணம் சொல்கிறேன். கொலைக்கு முன்னால் ஒரு மதுக்கடையில், ஒரு மாணவனும் ஒரு அதிகாரியும் பேசுவதை ரஸ்கோல்னிகோவ் கேட்கிறான். யாருக்கும் பிரயோஜனமில்லாத ஒரு கிழவியின் சாவால் நூறு உயிர்கள் பிழைக்கும் என்றால் அது சாதாரணக் கூட்டல் கழித்தல் இல்லையா என்பது அந்தப் பேச்சின் சாரம். அவன் மனசிலும் அதே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. வட்டிக்காரி போட்ட கணக்குக்கு இவன் போட்ட எதிர்க்கணக்கு. அவளுடையதில் மனுஷன் ரூபிளாகவும் கோபெக்காகவும் ஆகிறான். இவனுடையதில் மனுஷன் ஒன்று, நூறு என்று எண்ணாகிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தக் கணக்கில் வராத மீதிதான் லிசவேதா. யார் கஷ்டத்தைத் தீர்க்க அவன் கோடரியைத் தூக்கினானோ, அந்த வர்க்கத்தின் கடைசிப் படியில் இருந்தவள். அவன் சட்டையைக்கூட ஒருமுறை தைத்துக் கொடுத்திருக்கிறாள். கணக்குப் போட்டுத் தொடங்கிய எந்தக் கொலையும் போட்ட கணக்கோடு நிற்காது என்பதை விளக்கவுரை இல்லாமல் சொல்லிவிடுகிறார் தஸ்தயெவ்ஸ்கி.

அதோடு விடவில்லை. சோனியாவும் லிசவேதாவும் சிநேகிதிகள். இரண்டு பேரும் கழுத்துச் சிலுவையை மாற்றிக்கொண்டவர்கள். லாசரஸ் கதையைச் சோனியா அவனுக்கு வாசித்துக் காட்டுகிறாளே, அந்தப் புதிய ஏற்பாடே லிசவேதா கொண்டுவந்து கொடுத்ததுதான். கொன்றவன் மீட்சிக்காகக் கையில் எடுக்கும் புத்தகம் கொல்லப்பட்டவளுடையது. இப்படி ஒரு முடிச்சைப் போட எத்தனை பேரால் முடியும்?

ராம் செய்வது ஒரே கொலைதான். லிசவேதா இல்லை. அவள் இல்லாத கதையில் செத்தவர் கொடுமைக்கார வட்டிக்காரர் மட்டும். கொன்றவன் நல்லவன், காரணம் காதல், நடந்தது பதற்றத்தில். மீதி எதுவும் இல்லாமல் கணக்கு நேர்ப்பட்டுவிடுகிறது. 'ஃபியர்' படம் எல்லாவற்றையும் கனவாக்கித் தப்பித்தது. 'ஃபிர் சுபா ஹோகி' அப்பாவியை எடுத்துவிட்டுத் தப்பித்தது. இந்த நாவலுக்குச் சோவியத் யூனியனிலேயே லெவ் குலிஜானவ் 1970இல் செய்த படம், கலர் சாதாரணமாகிவிட்ட காலத்தில் கறுப்பு வெள்ளையில், மூன்றரை மணி நேரத்துக்கும் மேலாக ஓடுகிறது. அதையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்தால், நீளம் எதற்கு வேண்டியிருக்கிறது என்று புரியும். பாவம் மெதுவாகத்தான் ஊறும், பாட்டு மாதிரி சட்டென்று வராது.

ஒப்புதல் வாக்குமூலம் எங்கே நடக்கிறது

இரண்டாவது மாற்றம் இடமாற்றம். நாவலில் ரஸ்கோல்னிகோவ் முதலில் சோனியாவிடம் சொல்கிறான். நாற்சந்தியில் போய் நின்று, நீ களங்கப்படுத்திய மண்ணை முத்தமிடு, எல்லாரும் கேட்கச் சொல் என்கிறாள். வைக்கோல் சந்தையில் அவன் மண்டியிட்டு மண்ணை முத்தமிடுகிறான். சுற்றி நிற்பவர்கள் குடிகாரன் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். சொல்ல வந்த வார்த்தை நாக்கிலேயே நின்றுவிடுகிறது. அப்புறம் காவல் நிலைய மாடி ஏறி, ஒரு தடவை சொல்லாமலே இறங்கி வந்து, வாசலில் நிற்கும் சோனியாவின் முகத்தைப் பார்த்துத் திரும்பவும் ஏறிப்போய்ச் சொல்கிறான். வழக்கு விசாரணையைத் தஸ்தயெவ்ஸ்கி பின்னுரையில் சில பக்கங்களில் முடித்துவிடுகிறார். எட்டு வருஷம் சைபீரியாவில் கடுங்காவல். வாதம், பிரதிவாதம், வசனம் எதுவும் கிடையாது.

இந்திப் படம் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறது. ஏன் என்று கேட்டால், நம்ம சினிமாவுக்கு அப்போது நீதிமன்றம்தான் கோயில். 'ஆவாரா' 1951இல் நீதிமன்றத்தில் தொடங்கி நீதிமன்றத்தில் முடிகிறது, நீதிபதி அப்பா, குற்றவாளி மகன். அடுத்த வருஷமே தமிழில் 'பராசக்தி'. நீதிபதி அண்ணன், கூண்டில் தங்கை.

இங்கேதான் மதுரை வருகிறது. 'பராசக்தி'யின் கதை மதுரையிலும் நடக்கிறது. கல்யாணி இட்லிக்கடை போட்டுப் பிழைப்பதும் இங்கே, குணசேகரன் பைத்தியம் மாதிரி நடித்துக்கொண்டு அலைவதும் இங்கே. 1952 தீபாவளிக்கு மதுரையில் தங்கம் தியேட்டர் திறந்தபோது முதல் படமும் அதுதான். 2,500 பேருக்கு மேல் உட்காரக்கூடிய கொட்டகை, ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே பெருமைப்பட்ட இடம். அத்தனை பேர் உட்கார்ந்து, நீதிமன்றத்தில் பசி சாட்சி சொல்வதைப் பார்த்திருக்கிறார்கள். குற்றவாளி நான் இல்லை, என்னை இப்படி ஆக்கிய சமுதாயம் என்று கலைஞர் கருணாநிதியின் வசனம் சிவாஜி குரலில் முழங்கியது. அந்தப் படத்தை அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் இன்னிக்கும் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லுவாங்க.

இப்போது லிசவேதாவை மனசில் வைத்து 'பராசக்தி'யை யோசித்துப் பாருங்கள். கல்யாணி மேல் உள்ள வழக்கு என்ன? பசி தாங்காமல் பெற்ற குழந்தையை ஆற்றில் எறிந்துவிட்டாள். செத்தது குழந்தை. உலகத்திலேயே பெரிய அப்பாவி. தஸ்தயெவ்ஸ்கி விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: பசி உண்மை, சமுதாயம் குற்றவாளி, எல்லாம் சரி, ஆனால் அந்தக் குழந்தை? படம் என்ன செய்கிறது? குழந்தை விமலாவின் படகில் விழுந்து பிழைத்துவிட்டதாகக் கடைசியில் தெரிகிறது. குடும்பம் ஒன்றுசேர்கிறது. மீதி பூஜ்யம்.

பம்பாய்ப் படம் அப்பாவியைக் கதைக்குள்ளேயே விடவில்லை. மதுரைக் கதை அப்பாவியை உள்ளே விட்டு, பிறகு உயிரோடு திருப்பிக் கொடுத்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. சமுதாயத்தைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்றால், கூண்டிலிருக்கும் தனிமனிதன் மேல் ரத்தம் ஒட்டியிருக்கக் கூடாது. அரசியலாக அது சரியான உத்தி. 1952லும் 1958லும் அந்தக் கேள்விகளை உரக்கக் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் நுவார் என்ற வகைக்கு அடியில் இருக்கும் இருட்டு, அதாவது என் காரணங்கள் அத்தனையும் நியாயமாக இருந்தும் நான் செய்தது செய்ததுதான் என்கிற இருட்டு, வசன வெளிச்சத்தில் மறைந்துவிட்டது.

தமிழில் நுவார் இல்லையா? இருக்கிறது. 1954இல் ஏவி.எம். தயாரித்து வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டே கிடையாது. 1943இல் சென்னையில் குண்டு விழுந்ததற்கு மறுநாள், ரேடியோ என்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மாருதி ராவின் ஒளிப்பதிவில் நிழல் ஒரு பாத்திரமாகவே உட்கார்ந்திருக்கும். வடிவத்தில் அது முழு நுவார். ஆனால் செத்தவன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன். சுட்ட துப்பாக்கி மனைவியின் கையில் இருந்தது என்றாலும், தேசம் அவள் பக்கம். இங்கேயும் சாவு கனக்காதபடி பார்த்துக்கொண்டாயிற்று. ரஷ்ய நாவலைத் தழுவிய கறுப்பு வெள்ளைப் படமும் தமிழில் இருக்கிறது. 1953இல் 'அன்னா கரீனினா'வைத் தழுவி 'பணக்காரி' வந்தது. டி.ஆர். ராஜகுமாரி, நாகையா, எம்.ஜி.ஆர். நடித்தது. அது குடும்பக் கதையாகப் போய்விட்டது.

மதுரைக்கு நாவல் வந்த வழி

சோவியத் பதிப்பகங்களின் தமிழ்ப் புத்தகங்கள் வழியாகத்தான் ரஷ்ய இலக்கியம் நம்மிடம் அதிகமாக வந்தது. தஸ்தயெவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்', டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' இரண்டும் ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்பில் வந்தவை. கார்க்கியின் 'தாய்' ரகுநாதன் மொழிபெயர்ப்பில் எத்தனை வீடுகளில் இருந்தது! முன்னதை அடியொற்றி எஸ்.பி. ஜனநாதன் 2003இல் 'இயற்கை' எடுத்து, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கினார்.

'குற்றமும் தண்டனையும்' வேறு வழியில் வந்தது. மதுரை பாத்திமா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த எம்.ஏ. சுசீலா ஆங்கிலம் வழியாக அதை மொழிபெயர்த்தார். 2007இல் மதுரை பாரதி புத்தக நிலையம் வெளியிட்டது. நாலு வருஷம் கழித்து 'அசடன்' அவர் மொழிபெயர்ப்பிலேயே வந்தது. அதாவது ரஸ்கோல்னிகோவ் தமிழ் பேசியது மதுரையில் அச்சான பக்கங்களில். இந்த ஊர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பெருமைப்படலாம்.

லிசவேதாவும் அந்தப் பக்கங்களில்தான் நமக்கு வந்து சேர்ந்தாள். சினிமா எடுத்துவிட்ட மீதியை மொழிபெயர்ப்பு திருப்பிக் கொடுத்தது.

அந்தப் புத்தகம் வருவதற்கு நாலு வருஷம் முன்புதான், 2003இல், தமிழ்நாடு அரசு அதீத வட்டி வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் போட்டது. தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் பெயர்களைச் சட்டமே வரிசையாக எடுத்துச் சொல்கிறது. மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அடகுக்கடைக்கு 1943இலேயே சட்டம், வட்டிக்கு விடுவதற்கு 1957இல் சட்டம். சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் மானாவாரிக் காட்டுக்காரர்கள் விதைப்புக்கு முன்னால் வாங்குவதும், வெள்ளாமை பொய்த்தால் நகை மூழ்கிப்போவதும் எந்தச் சட்டத்துக்கும் நிற்கவில்லை.

ஆனால் இங்கே ஒரு வித்தியாசம். பீட்டர்ஸ்பர்க்கில் கடன்பட்டவன் கோடரியை வட்டிக்காரி பக்கம் திருப்பினான். நம்ம பக்கம் பெரும்பாலும் அது திரும்புவது தன் மேலேயேதான். 2017 அக்டோபர் 23ஆம் தேதி, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டித் தொல்லை என்று மனுக் கொடுத்து வந்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், நாலு பேரும் தீக்கிரையானார்கள். அந்தக் குழந்தைகள் எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை. கணக்கில் வராத மீதி. 'பராசக்தி'யில் வந்த படகு அன்றைக்கு வரவில்லை.

அதனால்தான் லிசவேதாவை வெட்டிவிட்ட படங்கள் எனக்கு உறுத்துகின்றன. இந்தச் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் நாம் உடனே நல்லவர் கெட்டவர் பிரித்து, கெட்டவரைத் திட்டி, அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். சினிமா பழக்கிய வேகம் அது. வட்டிக்காரரைத் திட்டுவது சுலபம். யாராவது ஒருவர் கணக்குப் போட ஆரம்பித்தால், கடன் கொடுப்பவரோ, கோடரி எடுப்பவரோ, மனுவை வாங்கி அடுக்கி வைப்பவரோ, யாராக இருந்தாலும், அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் நிற்கும் பேச்சில்லாத ஒருத்திதான் முதலில் சாகிறாள். நாவல் சொல்வது இதை.

சமீபத்தில் ஒரு படம் இந்த இடத்துக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரரான எம். மணிகண்டன் 2016இல் எடுத்த 'குற்றமே தண்டனை'. நாவலின் தழுவல் இல்லை, கறுப்பு வெள்ளையும் இல்லை. தலைப்பு மட்டும் தஸ்தயெவ்ஸ்கிக்குத் தலையாட்டுகிறது. நாயகனுக்கு நேரே இருப்பது மட்டும் தெரியும், பக்கவாட்டில் எதுவும் தெரியாத கண் நோய். கடன் வசூல் செய்வதுதான் அவன் பிழைப்பு. ஒரு பெண்ணின் கொலையைப் பார்த்த சாட்சியாக நின்று, தன் கண் ஆபரேஷனுக்கு அதை விலை பேசுகிறான். முடிவை நான் சொல்ல மாட்டேன், பாருங்கள். நீதிமன்ற வசனம் இல்லை, சமுதாயத்தின் மேல் விரல் நீட்டல் இல்லை. கணக்குப் போடும் மனுஷன் ஒருத்தன், அவ்வளவுதான். அந்தக் கண் நோயை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: கணக்குப் போடுகிறவர்களுக்கு நேரே இருப்பது நன்றாகவே தெரியும், லிசவேதா எப்போதும் பக்கவாட்டில்தான் நிற்கிறாள்.

நாவலில் அந்தப் பணம் என்ன ஆனது என்று கேட்பவர்கள் உண்டு. ரஸ்கோல்னிகோவ் கிழவியின் பணப்பையையும் அடகுச் சாமான்களையும் ஒரு முற்றத்தில் கல்லுக்கு அடியில் புதைத்துவிடுகிறான். பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விசாரணை அதிகாரிகளால் இதை நம்பவே முடியவில்லை. பணத்துக்காகக் கொன்றவன் எவ்வளவு இருந்தது என்று பார்க்காமல் இருப்பானா? தோண்டி எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். 317 ரூபிள் 60 கோபெக். மேலே இருந்த பெரிய நோட்டுகள் ஈரத்தில் பாழாகியிருந்தன.